முடிவு வந்திட்டுதோ? – ஒரு சொல்லும் எங்கட வரலாறும்



"வரலாறு சம்பந்தமாக ஏதாவது எழுதித் தாரும் தம்பி" என்று மலர்க்குழு அண்ணை கேட்டபோது நான் கொஞ்சம் யோசித்தேன். நான் வரலாற்று ஆசிரியர் அல்ல. ஏ.எல். மட்டும் படித்துவிட்டு, இப்ப ட்ருகனினாப் பக்கம் ஒரு பக்டரியில் மெசினோடு நிற்கிற ஆள். ஆனால் ஒரு சொல் கனகாலமாக என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. "முடிவு" என்ற சொல்தான் அது. டார்னெய்டில் எங்கட ஆட்கள் நாலு பேர் கூடினால், அது பிறந்தநாள் வீடாக இருந்தாலென்ன, ஸ்டேசன் கார்ப் பார்க்காக இருந்தாலென்ன, சுகம் விசாரித்த கையோடு வரும் அடுத்த கேள்வி, "என்ன, முடிவு வந்திட்டுதோ?" என்பதுதான். எந்த முடிவு, யாருடைய முடிவு என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஊரில் இருந்து அம்மாவும் இதே சொல்லைத்தான் தொலைபேசியில் கேட்கிறா.

ஒரு சமூகம் ஒரு சொல்லை இவ்வளவு பாவிக்கிறதென்றால் அந்தச் சொல்லுக்குள் அந்தச் சமூகத்தின் வரலாறும் இருக்கத்தான் வேண்டும். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களைக் கொஞ்சம் பார்ப்போம்

"முடி" என்றால் கட்டுதல். கூந்தலை முடிகிறோம், கயிற்றில் முடிச்சுப் போடுகிறோம். பிறகு அதே சொல் நிறைவேற்றுவதற்கும் வந்தது. "கலியாணம் முடிச்சாச்சு" என்றால் நல்ல செய்தி. "ஆளின்ர கதை முடிஞ்சுது" என்றால் கெட்ட செய்தி. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பொதுவாக நிற்கும் சொல் இது. ஆகவேதான் "முடிவு வந்திட்டுதோ" என்று கேட்கும்போது கேட்கிறவருக்கும் கேட்கப்படுகிறவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கிறது போலும்.

அடுத்தது "தீர்". கடன் தீர்கிறது, நோய் தீர்கிறது, தாகம் தீர்கிறது. இதிலிருந்து மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. நீதிபதி சொல்வது தீர்ப்பு. சபை கூடி நிறைவேற்றுவது தீர்மானம் (வருமானம், கட்டுமானம் போலத் தீர்மானம்). பிரச்சினை உண்மையில் இல்லாமல் போவது தீர்வு. மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் என்றாலும் ஒன்று இருக்கும் வீட்டில் மற்றது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு பழைய சொல் "துணிவு". இன்று நாங்கள் இதைத் தைரியம் என்ற கருத்தில் மட்டும் பாவிக்கிறோம். ஆனால் முடிவெடுத்தல் என்ற பொருளும் இதற்கு உண்டு. துணித்தல் என்றால் வெட்டுதல். ஆங்கிலத்தில் "டிசிசன்" என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லின் லத்தீன் வேரும் வெட்டுதல்தானாம். நாங்கள் "வெட்டு ஒண்டு துண்டு ரெண்டு" என்று சொல்வதும், "அறுதியாய்ச் சொல்லு" என்பதும் இதே யோசனையில் வந்தவைதான். திருவள்ளுவர் 671ஆம் குறளில், ஆலோசித்து முடித்தால் துணிவுக்கு வரவேண்டும், வந்த துணிவைத் தாமதிக்க விடுவது கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். ஏறத்தாழ முழு விசா விவகாரத்துக்கும் அந்த ஒரு குறள் போதும்.

இந்தச் சொற்களை நான் இப்படித்தான் வகுத்து வைத்திருக்கிறேன். ஒரு ஆள் தன்னைப் பற்றி எடுப்பது முடிவு. பலர் கூடி எடுப்பது தீர்மானம். எங்களுக்கு மேலே இருப்பவர் எங்களைப் பற்றிச் சொல்வது தீர்ப்பு. இவற்றால் பாதிக்கப்படுகிற ஆளின் பிரச்சினை தீர்ந்தால் மட்டுமே அது தீர்வு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எங்கட வரலாற்றில் சில இடங்களைப் பார்ப்போம்.

கேட்காமல் எடுத்த முடிவு

முதலில் மலையகம். இது என் சொந்தக் கதையும் கூட. எங்கட அம்மாச்சி கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவ.

இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948ஆம் ஆண்டில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன், அல்லது பேரனாரும் பூட்டனாரும், இலங்கையில் பிறந்தவர்கள் என்று தாள் காட்டினால்தான் குடியுரிமை என்றார்கள். தோட்டத்து லயத்தில் யாரிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது? அடுத்த ஆண்டு, 1949இல், தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்குரிமையையும் எடுத்தார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. வாக்கு இல்லாதபடியால் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதபடியால் அடுத்த முடிவு எடுக்கப்படும்போது எழும்பிப் பேசவும் ஆளில்லை. இந்த ஒழுங்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மக்களைப் பற்றி என்னவும் முடிவெடுக்கலாம் என்ற நிலை வருவதற்கு முன்னர், அவர்களை முடிவெடுக்கும் அறையிலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி புதுடில்லியில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரைப் பற்றிய கணக்கு அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். பிறகு 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக, 75,000 – 75,000 என்று பிரித்தார்கள். இரண்டு பிரதமர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். அந்த ஒன்பதே முக்கால் லட்சத்தில் ஒருவரிடமும் முதலில் "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்கவில்லை. விண்ணப்பப் படிவம் எல்லாம் தொகை தீர்மானித்த பிறகுதான் வந்தது.

அம்மாச்சியின் தமையன் குடும்பம் இந்தியக் கணக்கில் விழுந்தது. அவர்கள் தலைமன்னாருக்கு ரயிலில் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். அம்மாச்சி இலங்கைக் கணக்கில் என்று நம்பிக்கொண்டு இருந்தா. தாள் மட்டும் வரவில்லை. 1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வந்து தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவை. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே, அறுபது வயது தாண்டித்தான், "நீ இந்த நாட்டுப் பிரஜை" என்ற தாள் அவவுக்குக் கிடைத்தது. தமையனை அவ அதற்குப் பிறகும் காணவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு தொகைகளுக்குள் போய்ச் சேர்ந்த கதை இது. எங்கட சங்கத்திலும் இப்படியான கதையோடு சில குடும்பங்கள் இருக்கின்றன. "நாங்கள் எல்லாரும் 83க்குப் பிறகு அகதியானவை" என்று மேடையில் பேசும்போது இவர்களையும் நினைக்க வேண்டும்.

எடுத்த பிறகு கிழித்த முடிவு

இரண்டாவது வகை, இரண்டு தரப்பும் இருந்து எடுத்தும் நிலைக்காத முடிவு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1957 யூலை 26ஆந் திகதி, பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் அவர்களும் ஒப்பந்தம் ஒன்றுக்கு வந்தார்கள். பிராந்திய சபைகள் அமைப்பதென்றும், வடக்குக் கிழக்கு நிர்வாகத்தில் தமிழைப் பாவிப்பதென்றும் அதில் இருந்தது. அது முழுத் தீர்வு அல்ல, இடைக்கால ஏற்பாடு என்றே செல்வநாயகமும் சொன்னார். ஆனாலும் மேசையில் இரண்டு தரப்பும் இருந்து எடுத்த முடிவு அது.

எதிர்ப்பு எழுந்தது. 1958 ஏப்ரல் 9ஆந் திகதி பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் பிக்குமார் வந்து அமர்ந்தார்கள். அன்றைக்கே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. வாய்ச்சொல் போதாது என்று அதை எழுத்திலும் வாங்கிக்கொண்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் இருக்க நடந்த காரியம் அது. மே மாதக் கடைசியில் நாட்டில் கலவரம் வெடித்தது.

எடுப்பதற்குப் பல மாதம் பிடித்த ஒரு முடிவை உடைப்பதற்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. பிறகு 1965 மார்ச்சில் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தது. அதில் பேசப்பட்ட மாவட்ட சபைத் திட்டமும் 1968இல் கைவிடப்பட்டது. "பேசிப் பிரயோசனம் இல்லை" என்று எங்கட ஆட்கள் சொல்லத் தொடங்கியது ஒரே நாளில் அல்ல. இப்படி ஒவ்வொரு முடிவும் கையில் வைத்தே உருகிப்போனதைக் கண்டுதான்.

சொல்லாமல் விட்ட தீர்ப்பு

மூன்றாவதாக ஒரு வழக்கு. இளம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

செல்லையா கோடீஸ்வரன் என்பவர் கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக வேலை பார்த்த ஒரு தமிழர். அரச ஊழியர் சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் சம்பள ஏற்றம் என்று சுற்றுநிருபம் வந்தது. அவர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் வரவேண்டிய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். ஒரு சாதாரண கிளார்க்கின் சம்பள ஏற்றம் எவ்வளவு பெரிய தொகையாக இருந்திருக்கப் போகிறது! ஆனால் அவர் அந்தச் சிறு காசை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கேள்வியைக் கேட்டார். ஒரு இனத்தவருக்கு இல்லாத தடையை இன்னொரு இனத்தவருக்கு மட்டும் போடும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்று அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அப்படியானால் தனிச் சிங்களச் சட்டமே செல்லுபடியாகுமா?

1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. எப்படி மாற்றியது என்பதுதான் கவனிக்கவேண்டியது. சட்டம் செல்லும் என்றும் சொல்லவில்லை, செல்லாது என்றும் சொல்லவில்லை. அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடியின் மேல் வழக்குப் போட முடியாது என்று மட்டும் சொல்லி, மொழிக் கேள்வியைத் தொடாமல் விட்டது. (இங்கே "முடி" என்றது பிரித்தானிய முடியை.)

கோடீஸ்வரன் விடவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1969 டிசம்பரில் அவர்கள், ஊழியர் வழக்குப் போடலாம் என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியை முதலில் இலங்கை உயர் நீதிமன்றமே ஆராய வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே வழக்கு வென்றது, கேள்வி மட்டும் கப்பலேறித் திரும்பி வந்தது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்வதை நிறுத்தினார்கள். 1972 மே 22ஆந் திகதி புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. பழைய 29ஆம் பிரிவு அதில் இல்லை, சிங்களம் அரசகரும மொழி என்பது அரசியலமைப்புக்குள்ளேயே ஏறிவிட்டது. கோடீஸ்வரன் கேட்ட கேள்விக்கு உயர் நீதிமன்றம் கடைசிவரை பதில் சொல்லவேயில்லை.

தீர்ப்பு எத்தனை வந்தும் தீர்வு வரவில்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. முடிவெடுக்காமல் இழுத்தடிப்பது நடுநிலை அல்ல என்பதையும் இந்த வழக்குக் காட்டுகிறது. பத்து வருடம் பதில் சொல்லாமல் இருந்த காலத்தில் சிங்களம் தெரியாத தமிழ் ஊழியர்கள் பலர் பாதிக்கப்பட்டார்கள். பதில் சொல்லாததே அவர்களுக்குச் சொன்ன பதில்.

தீர்மானம்

இலங்கைத் தமிழர் மத்தியில் "தீர்மானம்" என்று மட்டும் சொன்னாலே பலருக்கு வட்டுக்கோட்டை ஞாபகம் வரும். அதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1972 அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்று காட்டுவதற்காகச் செல்வநாயகம் தனது காங்கேசன்துறைத் தொகுதிப் பதவியை அந்த ஒக்டோபரில் துறந்தார். முடிந்தால் இடைத்தேர்தல் வையுங்கள், மக்கள் முடிவு சொல்லட்டும் என்றார். அந்த இடைத்தேர்தலை அரசாங்கம் 1975 பெப்ரவரி 6 வரை, அதாவது இரண்டு வருடத்துக்கு மேல், இழுத்தடித்தது. செல்வநாயகம் 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மையில் வென்றார். அவசரகாலச் சட்டம் தேவையில்லை, துவக்கும் தேவையில்லை, தேர்தலைத் தள்ளிவைத்தாலே மக்களின் முடிவைக் காணாமற் செய்துவிடலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

1976 மே 14ஆந் திகதி வட்டுக்கோட்டைத் தொகுதி பண்ணாகத்தில் செல்வநாயகம் தலைமையில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாடு, சுயநிர்ணய உரிமையின் அடிப்படையில் தனிநாட்டுக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 1977 யூலைத் தேர்தலில் அதையே மக்கள் முன் வைத்து 18 ஆசனங்களை வென்றார்கள். செல்வநாயகம் அதைக் காணவில்லை, அந்த ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்து, பிரிவினை கோருவதில்லை என்று சத்தியம் செய்யாதவர்கள் பாராளுமன்றத்தில் இருக்க முடியாமல் ஆக்கியது.

இத்தீர்மானத்தைப் பற்றி எங்களுக்குள் பல கருத்துக்கள் உண்டு. அதை இந்த மலரில் நான் தீர்க்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டணியில் சேர்ந்திருந்த தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இந்தக் கோரிக்கையோடு ஒத்துப்போகவில்லை. மலையகத்தில் வாழ்கிற தங்கள் மக்களின் பிரச்சினைக்கு இது பதிலாகாது என்பது அவர்களின் நிலைப்பாடு. எங்கட வீட்டுக்குள்ளேயும், ஒருவரின் தீர்மானம் அதே மொழி பேசும் இன்னொருவரின் தீர்வாக இருக்கவில்லை. தீர்மானத்தைப் பெரிதாய் நினைப்பவர்களும் இந்த உண்மையைச் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

பிறகு நடந்த போரைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. 2009இல் வன்னிக்குள் இருந்தவர்களுக்கு ஒரு விசயம் ஞாபகம் இருக்கும். ஜனவரி 21, பெப்ரவரி 12, மே 8 என்று மூன்று தரம் அரசாங்கம் "பாதுகாப்பு வலயம்" அறிவித்தது. ஒவ்வொரு தரமும் வலயம் இடம் மாறியது, சிறுத்தது. கோடு கீறி முடிவெடுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். நாங்கள் சட்டி பானையோடு கோட்டுக்குப் பின்னால் ஓடினோம்.

இந்த நாட்டில் முடிவு

இனி அவுஸ்திரேலியா. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் இணைந்த ஆறாவது நாடு இது. 1954 ஜனவரியில் இந்த நாடு சேர்ந்ததால்தான் சாசனமே அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்படித் தொடங்கிய நாடு எங்களை எப்படி நடத்தியது என்பதைத் திகதியோடு குறித்து வைப்பது நல்லது. எங்கட பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள்.

2012 ஓகஸ்ட் 13க்குப் பிறகு படகில் வந்தவர்கள், அமைச்சர் அனுமதி தந்தால் ஒழிய, விண்ணப்பம் கூடப் போட முடியாது என்று இருந்தது. ஆகவே பல பேருக்கு முடிவு தாமதித்தது மட்டுமல்ல, கேள்வியைக் கேட்பதற்கே வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அப்படி ஏறத்தாழ 31,000 பேரைத் "துரித வழி" என்ற ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. பெயர்தான் துரிதம். அகதி என்று ஏற்றவர்களுக்கும் மூன்று வருட அல்லது ஐந்து வருடத் தற்காலிக விசாதான். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. மறுக்கப்பட்டவர்களின் வழக்கை மீளாய்வு செய்ய ஒரு தனிச் சபை இருந்தது. அது பெரும்பாலும் ஆளை நேரில் கூப்பிடாமல், கடதாசியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. விசேட காரணம் இருந்தால் ஒழியப் புதிய தகவலையும் எடுக்காது.

2023 பெப்ரவரியில் அரசாங்கம், தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. அந்த விசாவின் பெயர் "ரெசொலூசன் ஒவ் ஸ்டேட்டஸ்". தமிழில் எப்படிச் சொல்வது என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. "ரெசொலூசன்" என்றால் தீர்மானமும் ஆகலாம், தீர்வும் ஆகலாம். அந்தச் சொல்லின் பழைய வேர் முடிச்சை அவிழ்த்தல், தளர்த்தல் என்பதாகும். எங்கட "முடிவு" முடிச்சுப் போடுகிறது, அவர்களுடைய "ரெசொலூசன்" முடிச்சை அவிழ்க்கிறது. கடிதம் வந்தவர்களின் வீட்டில் உண்மையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு அப்பாவை நேரில் கண்ட பிள்ளைகளை நாங்கள் துல்லாமரைன் விமான நிலையத்தில் பார்த்திருக்கிறோம்.

ஆனால் துரித வழியில் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கடதாசி மட்டும் பார்த்த அந்தச் சபை 2024 ஒக்டோபர் 14ஆந் திகதி புதிய தீர்ப்பாயம் வந்ததோடு மூடப்பட்டது. ஒழுங்கு சரியில்லை என்றுதானே மூடினார்கள். ஆனால் அந்த ஒழுங்கின் கீழ் சொல்லப்பட்ட தீர்ப்புகளைத் திரும்பப் பார்க்கவில்லை. 2024இல் டொக்லண்ட்ஸில் திணைக்களத்தின் முன்னால் இரவும் பகலுமாக ஆட்கள் மாதக் கணக்கில் இருந்தது இதற்காகத்தான். அவர்களில் எங்கட ஆட்களும் இருந்தார்கள்.

இந்த மண்ணின் பூர்வீகக் குடிகளுக்கும் இது புதிய கதையல்ல. தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்கள் குரலும் இருக்கவேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி சர்வசன வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆறு மாநிலங்களிலும் அது தோற்றது.

அதே நாட்டில் இன்னொரு அனுபவமும் எனக்கு உண்டு. பக்டரியில் சம்பள ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, அந்த ஒப்பந்தம் யாருக்குப் பொருந்துமோ அந்தத் தொழிலாளரிடம் வாக்கெடுக்க வேண்டும் என்பது சட்டம். வாக்கெடுப்புக்கு முன்னர் அதை வாசிக்க அவகாசமும் தரவேண்டும். அங்கே பிரஜையா, தற்காலிக விசாவா என்று யாரும் கேட்பதில்லை. மெசினில் நிற்கிறவருக்கு வாக்கு உண்டு. எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வாக்கு சாப்பாட்டு அறையில் கிடைத்த அந்த வாக்குத்தான். அம்மாச்சிக்கு வாக்கு இல்லை என்று 1949இல் சொன்னவர்களுக்கும் இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பாதிக்கப்படுகிறவரும் அந்த அறையில் இருக்கவேண்டும் என்று ஒருவர் நினைத்தார். மற்றவர் நினைக்கவில்லை.

எங்கட சங்கத்துக்கு ஒரு வார்த்தை

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. இப்ப எங்களில் பெரும்பாலானவைக்கு விசா வந்துவிட்டது. ஆகவே சங்கத்தின் விசா உதவிக் குழுவை நிறுத்தி, அந்தப் பணத்தைக் கலைவிழாவுக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பாவிக்கலாம் என்று வரப்போகும் பொதுக்கூட்டத்தில் பிரேரணை வர இருப்பதாக அறிகிறேன். பிரேரிப்பவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் பிரேரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் செலவு செய்யத்தான் வேண்டும். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை.

என் பிரச்சினை வேறு. எங்கட யாப்பின்படி சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே வாக்கு. முடிவு வராமல் இருப்பவர்களில் சிலருக்கு வேலை செய்யும் அனுமதியே இல்லை. வேலை இல்லாதவர் சந்தா கட்டுவது எப்படி? சந்தா கட்டாதவர் கையை உயர்த்துவது எப்படி? அப்படியென்றால் இந்தப் பிரேரணையால் ஆகக்கூடப் பாதிக்கப்படுகிற ஆட்களுக்கு வாக்கு இல்லாமல் அது நிறைவேறிவிடும். கூட்டறிக்கையில் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றும் எழுதுவோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் 1949இன் ஒழுங்கு அதுதான்: முதலில் வாக்குப் போகும், பிறகு மிச்சமெல்லாம் போகும்.

ஆகவே நான் முன்மொழிய விரும்புவது இதுதான். விசா முடிவு வராத அங்கத்தவர்களுக்குச் சந்தாவை விலக்கி, முழு வாக்குரிமை கொடுக்க வேண்டும். இந்த மாற்றத்தை முதலில் நிறைவேற்றிவிட்டு, அதற்குப் பிறகு அவர்களையும் இருத்தி வைத்துக்கொண்டு உதவிக் குழுவைப் பற்றிப் பேசுவோம். அவர்களும் இருந்து, கேட்டு, "சரி, நிறுத்துங்கோ" என்று சொன்னால் நானும் கையை உயர்த்துவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். விருப்பமானவர்கள் கூட்டத்துக்கு முன்னர் என்னோடு கதையுங்கள். இரவு சிப்ட் இல்லாத நாட்களில் வீட்டில்தான் நிற்பேன்.

பிறக்கும் புத்தாண்டில், காத்திருக்கும் எல்லோருக்கும் நல்ல முடிவு கிட்டட்டும்.